பதிவுக்கு முன் ஐந்து நிமிடம்: பதிவுத்துறைத் தலைவருக்கும் பத்திர எழுத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும், மாவட்டப் பதிவாளர்கள், சார்பதிவாளர்கள் அனைவருக்கும், உரிமம் பெற்ற பத்திர எழுத்தர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகளும் பாகப்பிரிவினை வழக்குகளும் நடத்தும் வழக்கறிஞர். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலிலும் என் பெயர் இருப்பதால், கட்டணம் கொடுக்க வசதியில்லாத முதியவர்களும் பெண்களும் என்னிடம் அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் பலரும் கையில் ஒரு பத்திரத்தோடு வருகிறார்கள். முத்திரைத் தாள் சரியாக இருக்கும். சாட்சிகள் இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். புகைப்படமும் விரல் ரேகையும் பதிவு எண்ணும் உரிய இடத்தில் இருக்கும். அதை எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும் தான் எதை எழுதிக் கொடுத்தோம் என்பது தெரியாது.

உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் தான செட்டில்மென்ட் பத்திரத்தையும் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை விலையின்றிக் கொடுத்துவிடுவது) விடுதலைப் பத்திரத்தையும் (குடும்பச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பது) பதிவு செய்வதற்கு முன்னால், எழுதிக் கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். எழுதி வாங்குபவர் அந்த அறையில் இருக்கக்கூடாது. சட்டத் திருத்தமோ பெரிய செலவோ இதற்குத் தேவையில்லை. ஏன் இதை இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பதை விளக்கவே இந்த மடல்.

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் பத்திரம் இப்போது என் மேசையில் இருக்கிறது. கணவர் இறந்த பிறகு, தன் பெயரிலேயே இருந்த வீட்டை இளைய மகனுக்கு எழுதிக் கொடுத்தார். தன் காலத்துக்குப் பிறகு வீடு மகனுக்குப் போய்ச் சேரும், அதுவரை தன்னுடையதாகவே இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பத்திரம் சொல்வது வேறு. "தாங்கள் என் குமாரர் என்பதாலும், தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கி, "இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டபடியால்", "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்று போகிறது. "இந்தப் பத்திரத்தைப் பின்னிட்டு எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை" என்று முடிகிறது. நான் இந்த வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, இது தன்னுடைய பத்திரம்தானா என்று இரண்டு முறை கேட்டார். புகைப்படத்தைக் காட்டினேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

பத்திரத்தை யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டேன். யாரும் படித்துக் காட்டவில்லை. பத்திர எழுத்தரிடம் பேசியது மகன். கட்டணம் கட்டியது மகன். டோக்கன் எண் வந்ததும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனதும் மகன். சார்பதிவாளர் "உங்கள் கையெழுத்துதானே, சம்மதம்தானே?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் அந்த அம்மா. மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது எந்தத் தாய் இல்லை என்று சொல்வார்? மருமகளோடு மனஸ்தாபம் வந்தது. இன்றைக்கு அவர் இருப்பது மகள் வீட்டில், மாப்பிள்ளையின் தயவில். வீட்டுக்குப் பட்டா மாறிவிட்டது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அடுத்த பதிவாக வங்கியின் அடமானம் நிற்கிறது.

அந்த மகனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அவனுக்குத் தொழிலுக்குக் கடன் தேவைப்பட்டது. சொத்து தன் பெயரில் இருந்தால்தான் வங்கி கொடுக்கும். உயிலாக இருந்தால் அம்மா மனம் மாறலாம், அண்ணனும் அக்காவும் பின்னால் வழக்குப் போடலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் செலவும் குறைவு. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட பிறகும் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, அதிகபட்சம் 10,000 ரூபாய். கிரையத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. அதனால்தான் எது கேட்டாலும் "செட்டில்மென்ட் போட்டுவிடுங்கள்" என்ற ஆலோசனை சுலபமாக வருகிறது. மலிவு என்பது உண்மை. எழுதிக் கொடுப்பவர் அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை என்பதும் உண்மை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் பிற குடும்பங்களுக்காகச் சொல்கிறேன். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 122, 123ஆம் பிரிவுகளின்படி, இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் தானம் முழுமையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு கொடுத்தவர் தன் விருப்பத்துக்கு அதைத் திரும்ப வாங்க 126ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினார்கள் என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விவரம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தானே ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட முடியாது. எழுபது வயதில் தொடங்கும் ஓர் உரிமையியல் வழக்கு, மேல்முறையீடுகளையும் சேர்த்து எப்போது முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உயில் இதற்கு நேர்மாறானது. அதை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையதே. நாளைக்கே மனம் மாறினால் வேறு உயில் எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதலாம். எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பதே 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவு கேட்பது. பதிவு செய்வது கட்டாயமல்ல, செய்துகொண்டால் நல்லது. பதிவுச் சட்டம் 42ஆம் பிரிவின்படி மூடி முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. என் அனுபவத்தில் இந்த வசதியைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு கட்சிக்காரரைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் அலுவலகச் சுவரில் கட்டண விவரப் பலகை இருக்கிறது, லஞ்சம் கொடுக்காதீர்கள் என்ற பலகை இருக்கிறது. செட்டில்மென்டுக்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாட்டை நான்கு வரியில் சொல்லும் பலகையை நான் போன எந்த அலுவலகத்திலும் பார்க்கவில்லை.

நான் சொல்லும் அம்மாவுக்கு ஒரு வழி திறந்திருந்தது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்க வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு அது அதிகாரம் தருகிறது. மனு கொடுத்தோம். மாதம் ஒரு தொகை கொடுக்கும்படி மகனுக்கு உத்தரவு வந்தது. பத்திரத்தை ரத்து செய்யும் கோரிக்கை மட்டும் தள்ளுபடியானது. காரணம், பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை என்று ஒரு வரிகூட இல்லை.

இந்த ஒரு வரி விஷயத்தில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. நிபந்தனை இருந்ததும் அது மீறப்பட்டதும் நிரூபிக்கப்பட வேண்டும், அன்பினால் கொடுத்தது என்பது மட்டும் போதாது என்ற பொருளில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், அதன் நோக்கத்தை நிறைவேற்றும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அங்கேயும் பராமரிப்பு பற்றி எழுத்தில் இருந்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோர் அன்பினால் கொடுக்கிறார்கள் என்றாலே பராமரிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது என்றது. இந்தத் தீர்ப்பை நான் நன்றியோடு மேற்கோள் காட்டுகிறேன், மேல்முறையீட்டிலும் காட்டுவேன். ஆனால் ஒரு முதியவரின் கூரை எந்த அமர்வு எந்தத் தீர்ப்பைப் பின்பற்றும் என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது. பத்திரத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

பத்திர எழுத்தர்களே, இந்த இடத்தில் உங்களிடம் நேராகப் பேசுகிறேன். உங்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள். நில அளவையையும் பழைய மூலப்பத்திரத்தையும் படிப்பதில் எனக்கே சொல்லிக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். கிராமத்து மக்கள் வழக்கறிஞரிடம் வருவதற்கு முன் உங்களிடம்தான் வருகிறார்கள். உங்கள் கணினியில் செட்டில்மென்டுக்கு என்று ஒரு மாதிரி இருக்கும். பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றினால் பத்திரம் தயார். அந்த மாதிரியில் இதைச் சேர்த்துவையுங்கள்: "என்னையும் என் துணைவரையும் எங்கள் இருவரின் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டிலேயே வைத்து உணவு, உடை, மருத்துவ வசதி அளித்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதை எழுதிக் கொடுக்கிறேன். இந்த நிபந்தனை மீறப்பட்டால் இந்தப் பத்திரம் ரத்தாகும்." வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவரே சொன்னால் எடுத்துவிடுங்கள். வாங்குபவர் சொன்னால் எடுக்காதீர்கள்.

ஆயுள்கால அனுபவ உரிமை எழுதும் பத்திரங்களும் வருகின்றன, அவை நல்லவை. ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப ஒரு குறை. "என் ஆயுள் வரை நானே அனுபவித்துக்கொண்டு" என்று தந்தை தன் பெயருக்கு மட்டும் எழுதுகிறார். அவர் போன மறுநாள், அதே வீட்டில் ஐம்பது வருடம் சமைத்துப் போட்ட மனைவிக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை. செட்டில்மென்ட் செய்யாமல் அவர் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கு அவருக்கு வந்திருக்கும். கணவர் பிரியத்தோடு எழுதிய பத்திரம் மனைவிக்கு இருந்ததையும் இல்லாமல் செய்துவிட்டது. "எங்கள் இருவர் ஆயுள் வரை" என்று ஒரு சொல் அதிகம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இனி விடுதலைப் பத்திரம். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். வெளியூரில் இருந்து வந்த மகள் திரும்பிப் போக வேண்டும். "வந்ததோடு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, மறுபடியும் அலைய வேண்டாம்" என்கிறார்கள். பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லப்படுகிறது. சில வீடுகளில் இன்னும் வெளிப்படையாகவே பேசுவார்கள்: சீர் செய்தோம், நகை போட்டோம், பிரசவம் பார்த்தோம், இனிமேலும் பங்கு கேட்டால் அண்ணன் தம்பி உறவு இருக்காது. அவள் போட்டுவிடுகிறாள். தாய்வீட்டு வாசலை இழக்கப் பயந்து போட்ட கையெழுத்து அது. அதைச் "சுயவிருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் இன்றி" என்று பத்திரம் பதிந்துவைக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்று பத்திரத்தில் இருக்காது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்தார் என்றால், மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவின் தாயார், இவர்கள் அனைவருக்கும் சம பங்கு. இது 1956இலிருந்தே சட்டம். மகளுக்குத் திருமணம் ஆகியிருக்கிறதா, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடிகளில் ஒன்றாக 1989இல் மகளைப் பங்குதாரர் ஆக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை, மகள் பிறப்பிலேயே பங்குதாரர் என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. இவ்வளவு நெடிய போராட்டத்தில் கிடைத்த உரிமை, சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் ஒரு மத்தியான நேரத்தில் கைமாறிப் போகிறது. அந்தப் பெண் அண்ணனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய உரிமை, அவளுடைய பெருந்தன்மை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. விடுதலைப் பத்திரத்தில், விடுவிக்கப்படும் பங்கு எத்தனையில் எத்தனை, அரசு வழிகாட்டி மதிப்பில் அதற்கு என்ன விலை, எழுதிக் கொடுப்பவருக்குக் கொடுக்கப்பட்ட தொகை என்ன என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். நாலில் ஒரு பங்கு, பதினெட்டு லட்சம் ரூபாய் மதிப்பு, பெற்ற தொகை இல்லை என்று தன் கண்ணால் பார்த்த பிறகும் ஒரு தங்கை கையெழுத்துப் போட்டால், அதை நான் மனதார மதிப்பேன்.

நீங்கள் சொல்லப்போகும் மறுமொழி எனக்குத் தெரியும். ஆவணத்தின் செல்லுபடித் தன்மையை விசாரிப்பது பதிவு அலுவலரின் வேலையல்ல என்று தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஆம் விதி சொல்கிறது. சரி. நான் செல்லுபடித் தன்மையை விசாரிக்கச் சொல்லவில்லை. பத்திரம் அந்த நபரால் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று விசாரிக்கும் கடமையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 34ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. வந்திருப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்க 35ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவர் சுவாதீனத்தோடு இருக்கிறாரா என்பதை, பக்கத்தில் இருப்பவர் முழங்கையைத் தொட்டதும் "ஆமாம்" என்று சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியுமா? முதிய, எழுத்தறிவில்லாத பெண்களிடமிருந்து சொத்து எழுதி வாங்கியவர்கள், அவர் புரிந்துகொண்டுதான் எழுதிக் கொடுத்தார் என்று தாங்களே நிரூபிக்க வேண்டும் என்பது பிரிட்டிஷார் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தொட்டு நம் நீதிமன்றங்கள் சொல்லிவரும் கொள்கை. அந்தப் புரிதலைப் பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் தேடுவதற்குப் பதில், பத்திரம் பதிவாகும் அன்றே உறுதி செய்துவிடலாம். இதனால் எழுதி வாங்குபவருக்கும் நன்மைதான். தெளிவாகக் கேட்டுப் பதிந்த ஒரு வாக்குமூலம் இருந்தால், நேர்மையாக வாங்கிய மகனின் பத்திரத்தை யாரும் அசைக்க முடியாது.

அடுத்த மறுமொழி, கூட்டம். உண்மைதான், ஒரு நாளுக்கு இத்தனை டோக்கன் என்று வரையறுத்தும் மாலைவரை வேலை ஓய்வதில்லை. ஆனாலும் ஆடிப்பெருக்கு, ஆவணி முகூர்த்தம் என்றால் பொதுமக்கள் கேட்கிறார்கள் என்று கூடுதல் டோக்கன் ஒதுக்கி அறிவிப்பு வெளியிடுகிறீர்கள். நல்ல நாளுக்கு இடம் கொடுக்கும் துறையால் ஒரு முதியவருக்கு ஐந்து நிமிடம் கொடுக்க முடியும். எல்லாப் பத்திரத்துக்கும் கேட்கவில்லை. எழுதிக் கொடுப்பவர் அறுபது வயதைத் தாண்டியவராக உள்ள குடும்பச் செட்டில்மென்ட், பெண்கள் எழுதிக் கொடுக்கும் குடும்ப விடுதலைப் பத்திரம், இவற்றுக்கு மட்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் சட்ட வகுப்பு எடுக்க வேண்டாம். நாலு கேள்வி போதும். இந்தப் பத்திரம் பதிவானால் நாளை காலை இந்த வீடு யாருடையது? பிறகு மனம் மாறினால் திரும்ப வாங்க முடியும் என்று நினைக்கிறீர்களா? நாளைக்கு உங்களை வெளியே போகச் சொன்னால் எங்கே போவீர்கள்? உயில் எழுதினாலும் உங்கள் காலத்துக்குப் பின் இவருக்கே போகும் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? பதிலை அவர் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். ஆமாம், இல்லை என்பது பதிலாகாது. அதைக் குரலோடு காணொளியாகப் பதிந்து ஆவணத்தோடு சேர்த்துவைக்க வேண்டும். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் பதிவை மறுக்கக்கூட வேண்டாம், ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஒரு வாரத்தில் கெட்டுப்போகும் குடும்பச் செட்டில்மென்ட் எதுவும் இல்லை. உடல்நிலை காரணமாக 31, 38ஆம் பிரிவுகளின்படி வீட்டுக்கே போய்ப் பதிவு செய்யும்போது இது இரட்டிப்பாக அவசியம். படுக்கையில் இருப்பவரைச் சுற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் எழுதி வாங்கும் தரப்பாகத்தான் இருப்பார்கள்.

சார்பதிவாளருக்கே நேரமில்லை என்றால் வேறு ஆள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள் அவர்களை சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார வைத்து, இந்த வகைப் பத்திரங்களுக்கு அந்த நாட்களில் டோக்கன் கொடுத்தால் போதும். பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். முதியோருக்கு 14567 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையாவது ஒவ்வொரு அலுவலகத்திலும் டோக்கன் திரைக்குக் கீழே எழுதிவையுங்கள்.

உயில் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவும் உங்கள் பலகையில் இடம்பெற வேண்டிய செய்தி. குழந்தையில்லாத ஒரு விதவை தன் சம்பளத்தில் வீடு வாங்கி, உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி அந்த வீடு அவருடைய தாய்க்குப் போகாது. கணவரின் வாரிசுகளுக்குப் போகும். கணவர் இறந்ததும் புகுந்த வீட்டார் விரட்டிவிட்ட ஒரு பெண்ணின் சேமிப்புகூட அந்தப் புகுந்த வீட்டாருக்கே போகும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பளித்தது. அவளைப் படிக்க வைத்து, கூடவே வைத்துக் காப்பாற்றிய தாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இந்தச் சட்டம் மாற வேண்டும். அது மாறும்வரை ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சிகளும்தான் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு. வேலைக்குப் போகும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள உங்கள் அலுவலகத்தைவிடப் பொருத்தமான இடம் எது? பலகையை எழுதும்போது எல்லா மதத்தாருக்கும் சட்டம் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். இஸ்லாமியர் ஒருவர் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு.

பதிவுத்துறைத் தலைவர் அவர்களே, பதிவுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு எல்லாப் பதிவு அலுவலகங்களையும் மேற்பார்வையிடும் பொறுப்பையும், மாநில அரசின் ஒப்புதலோடு விதிகள் வகுக்கும் அதிகாரத்தையும் உங்களுக்குத் தந்திருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால், மாநிலத்தின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சார்பதிவாளர் அலுவலகங்களிலும் அது நடைமுறைக்கு வரும். விதி வகுக்கக் காலம் எடுக்கும் என்றால், முதலில் ஒரே ஒரு பதிவு மாவட்டத்தில் ஆறு மாதம் செய்து பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் கேள்விகளைக் கேட்ட பிறகு பத்திரத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள், எத்தனை பேர் செட்டில்மென்டை விட்டுவிட்டு உயிலுக்குப் போனார்கள், எத்தனை பேர் புரிந்தே தொடர்ந்தார்கள் என்று கணக்கெடுத்து வெளியிடுங்கள். எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும், கேள்விகளைத் தயாரிக்கவும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரவும் நானும் என்னைப் போன்ற சட்ட உதவி வழக்கறிஞர்களும் கட்டணமின்றி வருகிறோம். பத்திர எழுத்தர் சங்கங்கள் முன்வந்தால் அவர்களோடு உட்கார்ந்து மாதிரிப் பத்திரங்களைத் திருத்தி எழுதவும் தயாராக இருக்கிறோம். அந்தத் திருத்திய மாதிரிகளை உங்கள் துறையின் பெயரிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாவட்ட நீதிமன்றச் சட்ட உதவி வழக்கறிஞர்